டாஸ் கணினியும் நெட்வொர்க் பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் எடைமேடை, மாங்கூழ் ஆலை, கிரானைட் பட்டறை என்று பல இடங்களில் எம்எஸ்-டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் இயங்குதளம்) ஓடும் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு வருஷம் அதே கேள்விகள்தான் போனில் வருகின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கமாண்டுகளையும் திரையில் வரும் செய்திகளையும் உச்சரிப்புப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சொல்வது பெரும்பாலும் டாஸ் 5, 6, 6.22 பற்றியது.

இவ்வளவு பழைய சிஸ்டத்தை ஏன் இன்னும் வைத்திருக்க வேண்டும்?

லோடு செல்லிலிருந்து (எடையை உணரும் கருவி) எடை வாங்கும் கார்டு பழைய ஸ்லாட்டில் மட்டும்தான் உட்காரும், அதற்கு எழுதிய புரோகிராமின் மூல நிரல் யாரிடமும் இல்லை. லாரி வந்து நிற்கிறது, எடை சரியாக விழுகிறது, சீட்டு அச்சாகிறது. அதைக் கழற்றிப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த எடை மாலைக்குள் ஆபீஸ் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கேதான் பாதை குழப்பம் எல்லாம் ஆரம்பம்.

சி.டி. (ஃபோல்டர் மாறும் கமாண்ட்) போட்டு \\சர்வர்\கணக்கு என்று தட்டினால் உள்ளே போக மாட்டேன் என்கிறதே?

போகாது. இதற்கான காரணத்தை ஒரு தடவை புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாஸ் தன் நினைவகத்தில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. ஏ, பி, சி என்று ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்கும் அதில் ஒரு வரி. 'இந்த டிரைவில் இப்போது நீ எந்த ஃபோல்டரில் நிற்கிறாய்' என்பது அந்த வரியில்தான் இருக்கிறது. நிற்கிற இடம் என்ற ஒன்று டாஸுக்கு டிரைவ் எழுத்தோடு சேர்ந்துதான் உண்டு. எழுத்து இல்லாத பாதைக்கு அட்டவணையில் வரியே கிடையாது, வரி இல்லாத இடத்தில் எப்படி நிற்பது? நெட்வொர்க் வசதி டாஸுக்குள் வந்ததே 3.1 பதிப்பில்தான். அப்போதும் டிரைவ் எழுத்து முறையை மாற்றவில்லை, நெட்வொர்க் ஷேரை (மற்ற கணினிகளுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டரை) ஒரு டிரைவ் எழுத்து மாதிரி வேஷம் போட்டு உள்ளே நுழைத்தார்கள்.

அதனால் செய்ய வேண்டியது: நெட் யூஸ் எஃப்: \\சர்வர்\கணக்கு. அப்புறம் எஃப்: என்று தட்டி உள்ளே போங்கள். இரண்டு பேக்ஸ்லாஷ் போட்ட பாதையை நேராகக் கொடுத்தாலும் ஃபைலைத் திறக்கும் சில புரோகிராம்கள் உண்டு, திருதிருவென்று முழிப்பவையும் உண்டு. அதை நம்பி வேலையை அமைக்காதீர்கள். முன்சாய்கோடும் போடாதீர்கள், கமாண்ட் வரியில் டாஸ் அதை ஆப்ஷன் குறி என்றுதான் படிக்கும்.

எஃப்: டிரைவ் உண்மையில் எந்தக் கணினியில் எந்த ஃபோல்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ட்ரூநேம் என்று ஒரு கமாண்ட். கையேட்டில் இருக்காது, ஹெல்ப் பட்டியலிலும் வராது, ஆனால் டாஸ் 4 முதல் உள்ளேயே இருக்கிறது. ட்ரூநேம் எஃப்: என்று தட்டுங்கள், வேஷம் கலைந்து \\சர்வர்\கணக்கு என்று நிஜப் பெயர் வந்து நிற்கும். சப்ஸ்ட் (ஒரு ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்துக் கொடுக்கும் கமாண்ட்) போட்ட டிரைவ் என்றாலும் அது எந்த ஃபோல்டரைக் குறிக்கிறது என்று காட்டிவிடும். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் நான் முதலில் தட்டுவது இதைத்தான். 'எஃப்: என்றால் மெயின் சர்வர்தான் சார்' என்று உறுதியாகச் சொல்லுவார்கள், ட்ரூநேம் வேறு கணினியைக் காட்டும். இது பல தடவை நடந்திருக்கிறது. சும்மா நெட் யூஸ் என்று மட்டும் தட்டினாலும் இணைப்புகளின் பட்டியல் வரும், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே ஃபோல்டர் அமைப்பு சி: டிரைவில் வேலை செய்கிறது, எஃப்: டிரைவில் 'பாதை தவறு' என்கிறது. ஏன்?

மேலே சொன்ன அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் பாதை எழுத 67 பைட்டுதான் இடம். கடைசி பைட்டு முடிவுக் குறிக்குப் போக 66 எழுத்து மிச்சம். சி: டிரைவில் இந்த 66-இல் 'சி:' என்ற 2 எழுத்துதான் செலவு. நெட்வொர்க் டிரைவுக்கு அதே இடத்தில் \\சர்வர்\ஷேர் என்ற முழுப் பெயரும் எழுதப்படுகிறது. அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் முன்னால் எத்தனை எழுத்தை மறைத்துக் காட்ட வேண்டும் என்று அந்த வரியிலேயே ஒரு எண்ணும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, சர்வர் பெயர் ஆங்கிலத்தில் 7 எழுத்து, ஷேர் பெயர் 8 எழுத்து, முன்னால் 2 பேக்ஸ்லாஷ், நடுவில் 1, ஆக 18. சி: டிரைவோடு ஒப்பிட்டால் 16 எழுத்து குறைச்சல், அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஃபோல்டர் ஆழம் போய்விட்டது. வருஷம், மாதம், பார்ட்டி, லாட் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு வைக்கும் ஆலைகளில் இது கட்டாயம் வந்தே தீரும். சர்வர் பெயரையும் ஷேர் பெயரையும் சின்னதாக வையுங்கள், அல்லது இன்னும் உள்ளே இருக்கும் ஃபோல்டரையே ஷேர் செய்யுங்கள்.

எச்: டிரைவ் போட்டால் 'டிரைவ் எழுத்து செல்லாது' என்கிறது.

அட்டவணையில் எச் வரை வரி இல்லை. டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் லாஸ்ட்டிரைவ்=இசட் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுதாமல் விட்டால் டாஸ் பொதுவாக ஈ வரைதான் இடம் ஒதுக்கும். ஒரு எழுத்துக்கு 88 பைட்டு, 21 எழுத்து கூடினாலும் 1848 பைட்டுதான் செலவு, பயப்பட வேண்டாம்.

ஆனால் நாவெல் நெட்வேர் (நாவெல் கம்பெனியின் நெட்வொர்க் சர்வர் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள். டாஸ் கணினியை நெட்வேரோடு இணைக்கும் பழைய நெட்எக்ஸ் ஷெல், லாஸ்ட்டிரைவ் முடிந்த இடத்துக்கு *அடுத்த* எழுத்திலிருந்துதான் தன் டிரைவ்களை ஆரம்பிக்கும். லாஸ்ட்டிரைவ்=ஈ என்றால் லாகின் எஃப்: டிரைவில் வரும். இசட் என்று போட்டுவிட்டால் அடுத்த எழுத்துக்கு எங்கே போகும்? அதே வேலைக்கு அதற்குப் பின்னால் வந்த விஎல்எம் நேர் எதிர், அதற்கு லாஸ்ட்டிரைவ்=இசட் இருந்தே ஆக வேண்டும். ஒரு கணினியில் நெட்எக்ஸ், பக்கத்துக் கணினியில் விஎல்எம், இரண்டுக்கும் ஒரே கான்ஃபிக்.சிஸ் ஃபைலைக் காப்பி போட்டு 'ஒன்று ஓடுது, ஒன்று ஓடலை' என்று கூப்பிடுபவர்கள் அதிகம்.

எஃப்: டிரைவுக்கு காப்பி செய்தேன், 'ஒரு ஃபைல் காப்பி ஆனது' என்றும் வந்தது. போய்ப் பார்த்தால் ஃபைல் இல்லை!

எஃப்: என்பதும் எஃப்:\ என்பதும் ஒன்றல்ல. பேக்ஸ்லாஷ் போடாமல் எஃப்: என்று மட்டும் கொடுத்தால், அந்த டிரைவில் கடைசியாக எந்த ஃபோல்டரில் நின்றீர்களோ அங்கே போய் விழும். நீங்கள் சி: டிரைவில் உட்கார்ந்திருந்தாலும் டாஸ் எஃப்: டிரைவின் இடத்தைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். காலையில் யாரோ எஃப்: டிரைவில் பழைய வருஷ ஃபோல்டருக்குள் போய்விட்டு அப்படியே சி: டிரைவுக்குத் திரும்பியிருப்பார், உங்கள் ஃபைல் அந்தப் பழைய வருஷத்துக்குள் இருக்கும். பேட்ச் ஃபைலில் (கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) எப்போதும் எஃப்:\பில்\ என்று முழுப் பாதை எழுதுங்கள்.

எரர் 53 என்று வருகிறது. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டோம்.

53 என்றால் அந்தப் பெயருள்ள கணினியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். பாதையில் தப்பு என்று ஷேர் பெயரைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், பிரச்சினை அதற்கும் முன்னால் இருக்கிறது.

முதலில் இரண்டு பக்கமும் ஒரே புரோட்டோகால் (கணினிகள் பேசிக்கொள்ளும் முறை) பேசுகின்றனவா என்று பாருங்கள். டாஸைச் சர்வரோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் டாஸ் கிளையன்ட் 3.0-ஐ நிறுவும்போது கேட்டதற்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போனால் ஐபிஎக்ஸ் வகைதான் உட்காரும், டிசிபி/ஐபி நீங்களாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, நான் அரை நாள் தொலைத்த இடம். புரோட்டோகால்.ஐஎன்ஐ ஃபைலில் ஐபி முகவரியைப் புள்ளி வைத்து எழுதக் கூடாது, இடைவெளி விட்டு எழுத வேண்டும்: 192 168 1 20. சப்நெட் மாஸ்க்கும் அப்படியே, 255 255 255 0. உலகத்தில் எல்லா இடத்திலும் புள்ளி வைத்தே எழுதிப் பழகிய கை, தானாகப் புள்ளி வைத்துவிடும். பர்கூர் பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறை, அந்தத் தூசியில் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு கார்டு மாற்றினேன். மூன்றாவது கார்டைப் போட்ட பிறகு அந்த ஃபைலை வரிவரியாகப் படித்தேன், முகவரியில் புள்ளிகள் இருந்தன, அவற்றை அழித்து இடைவெளி விட்டவுடன் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கமாண்ட்) பதில் வந்தது.

சர்வர் பெயர் 15 எழுத்துக்குள் இருக்கிறதா என்பதும் முக்கியம், நெட்பயாஸ் பெயருக்கு (இந்த நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் பெயர்) அவ்வளவுதான் இடம். சர்வர் வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறு பகுதியில்) இருந்தால் எல்எம்ஹோஸ்ட்ஸ் ஃபைலில் முகவரியும் பெயரும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

இன்னும் கோஆக்சியல் கேபிள் ஓடும் இடமா? அப்படியென்றால் இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று கழன்றால் வரிசையில் உள்ள எல்லாக் கணினியும் சேர்ந்து விழும்.

எரர் 67? எரர் 5?

67 என்றால் கணினி கிடைத்துவிட்டது, அந்தப் பெயரில் ஷேர் இல்லை. ஷேர் பெயரை 8 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் வையுங்கள், டாஸ் கமாண்ட் வரியில் மேற்கோள் குறி போட்டுத் தப்பிக்க வழியில்லை. 5 என்றால் அனுமதி இல்லை. பாஸ்வேர்டு 14 எழுத்தைத் தாண்டக் கூடாது, அந்தக் காலத்து முறை அதற்கு மேல் தாங்காது.

பழைய சர்வர் எரிந்துபோய் விண்டோஸ் 10 போட்டோம். டாஸ் கணினிக்கு அது தெரியவே இல்லை.

டாஸ் கிளையன்ட் பேசுவது எஸ்எம்பி 1 (ஃபைல் பகிரும் பழைய புரோட்டோகால்) வகையின் ஆரம்பகாலப் பேச்சு. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், எஸ்எம்பி 1 சர்வர் பகுதி தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸில் சாம்பா (விண்டோஸ் மாதிரி ஃபைல் பகிர உதவும் மென்பொருள்) வைத்தாலும் 4.11 முதல் அது அணைக்கப்பட்டே வருகிறது.

'அதை ஆன் செய்து கொடுங்கள் அண்ணா' என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கு, சம்பளம், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கும் கணினியில் நான் செய்து தர மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ்) பரவியது இந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். பதிலாக ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகுங்கள். ஒன்று டாஸ் பக்கம் மட்டும், இன்னொன்று ஆபீஸ் பக்கம். சாம்பாவில் சர்வர் மின் புரோட்டோகால் = லான்மேன்1, லான்மேன் ஆத் = யெஸ், என்டிஎல்எம் ஆத் = யெஸ் என்று வையுங்கள், அப்புறம் அந்தப் பயனரின் பாஸ்வேர்டை மறுபடி ஒரு தடவை அமையுங்கள். டாஸ் பக்கத்துக் கார்டுக்கு இன்டர்நெட் போகவே கூடாது.

சர்வரில் போட்ட ஃபோல்டர் பெயர் டாஸில் புரியாத எழுத்தாக வருகிறது.

டாஸுக்கு 8 எழுத்துப் பெயர், 3 எழுத்து வால், அவ்வளவுதான். விண்டோஸ் சர்வர் நீளமான பெயரை முதல் 6 எழுத்து, ஒரு அலைக்குறி, ஒரு எண் என்று சுருக்கும். முதல் 6 எழுத்தும் ஒன்றாக இருக்கும் இரண்டு ஃபோல்டர் இருந்தால், எது முதலில் உருவானதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2. பேக்கப்பிலிருந்து திருப்பி எடுக்கும்போது வரிசை மாறினால் 1 இருந்த இடத்தில் 2 வந்துவிடும், பேட்ச் ஃபைல் சத்தமில்லாமல் தப்பான ஃபோல்டரில் எழுதும். சாம்பா முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போட்டுக் கலைத்துவிடும், அதைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. டாஸ் தொடும் எல்லாப் பெயரையும் 8 எழுத்துக்குள் வைப்பதைத் தவிர வேறு வழி வேண்டாம்.

ஒரே பில் எண் இரண்டு கணினியில் வேறுவேறு பார்ட்டியைக் காட்டுகிறது. டேட்டா ஒரே சர்வரில்தான் இருக்கிறது.

டாஸ் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸிக்.பேட் ஃபைலில் அப்பெண்ட் கமாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பாத் என்பது புரோகிராமைத் தேடும் இடங்கள். அப்பெண்ட் என்பது டேட்டா ஃபைலைத் தேடும் இடங்கள். நிற்கிற ஃபோல்டரில் ஃபைல் இல்லையென்றால் டாஸ் அப்பெண்ட் பட்டியலில் தேடிப் பிடித்து, 'இங்கேயே இருக்கிறது' என்கிற மாதிரி புரோகிராமிடம் கொடுத்துவிடும். திறப்பதற்கு இது சரி. புதிதாக ஒரு ஃபைலை *உருவாக்கும்போது* அப்பெண்ட் எட்டிப் பார்க்காது, நிற்கிற ஃபோல்டரிலேயே உருவாகும்.

ஒரு மாங்கூழ் ஆலையில் இது நடந்தது. ஜூன் மாதம், சீசன் உச்சம், வாசலில் காய் லாரிகள் வரிசை. பில் டேட்டா எஃப்: டிரைவில், ஆபரேட்டர்கள் சி: டிரைவில் நின்றபடி புரோகிராமை ஓட்டினார்கள், நடுவில் அப்பெண்ட் எஃப்:\பில். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது, ஒரு ஆபரேட்டர் இண்டெக்ஸை (பில்லைத் தேட உதவும் பட்டியல்) திருப்பி உருவாக்கும் மெனுவை அழுத்தினார். டேட்டா ஃபைல் சர்வரிலேயே திறந்தது. இண்டெக்ஸ் ஃபைல் மட்டும் அவருடைய சி: டிரைவில் உருவானது. அதிலிருந்து அவர் கணினி தன் சொந்த இண்டெக்ஸைப் பார்த்தது, மற்றவர்கள் சர்வர் இண்டெக்ஸைப் பார்த்தார்கள். புது பில் போடப் போட இரண்டும் விலகிக்கொண்டே போயின. எடை போட்டு நிற்கும் விவசாயிக்குப் பெயர் மாறி சீட்டு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. அவருடைய காய், அவருடைய பணம், அதனால் அன்று ராத்திரியே உட்கார்ந்து காகிதச் சீட்டுகளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

செய்ய வேண்டியது: எல்லோரும் வெளியே வரட்டும். ஒவ்வொரு கணினியின் சி: டிரைவிலும் இண்டெக்ஸ் ஃபைல் இருக்கிறதா என்று தேடி அதை வேறு பெயருக்கு மாற்றுங்கள், உடனே அழிக்க வேண்டாம். அப்பெண்ட் வரியை எடுத்துவிடுங்கள். எஃப்:\பில் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு இண்டெக்ஸைப் புதிதாக உருவாக்குங்கள். இனிமேல் புரோகிராம் அந்த ஃபோல்டரில் நின்றுதான் ஓட வேண்டும், பேட்ச் ஃபைலில் எஃப்: என்று ஒரு வரி, சி.டி. \பில் என்று ஒரு வரி.

சர்வரை ஆஃப் செய்ததும் 'கரண்ட் டிரைவ் இஸ் நோ லாங்கர் வேலிட்' என்று நிற்கிறது.

நின்ற இடம் காலடியிலிருந்து போய்விட்டது. சி: என்று தட்டி என்டர் அடியுங்கள், வந்துவிடும். பாத் வரியில் நெட்வொர்க் டிரைவ் இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள், இல்லையென்றால் எழுத்துப் பிழையோடு எதைத் தட்டினாலும் டாஸ் இல்லாத சர்வரைத் தேடிப் போய் அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று கேட்கும். காம்ஸ்பெக் (கமாண்ட்.காம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அமைப்பு) மட்டும் எப்போதும் சி: டிரைவையே குறிக்கட்டும். பெரிய புரோகிராம் முடிந்ததும் டாஸ், நாம் தட்டும் கமாண்டுகளை வாங்கும் கமாண்ட்.காம் ஃபைலைத் திரும்பப் படிக்கும், அது சர்வரில் இருந்து சர்வரும் போய்விட்டால் 'கேனாட் லோடு கமாண்ட், சிஸ்டம் ஹால்ட்டட்' என்று கணினி அப்படியே நின்றுவிடும்.

சப்ஸ்ட், செக்டிஸ்க் நெட்வொர்க் டிரைவில் ஏன் ஓடவில்லை?

வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க், வட்டின் பகுதிகளை நேராகப் படிக்கும், நெட்வொர்க் வழியே அப்படிப் படிக்க முடியாது. சர்வரில் உட்கார்ந்து ஓட்டுங்கள். சப்ஸ்ட்டும் மறுக்கும், அதற்குப் பதில் இன்னொரு ஷேர் உருவாக்கி நெட் யூஸ் போடுங்கள்.

பேட்ச் ஃபைலில் இஃப் எக்ஸிஸ்ட் எஃப்:\பில்\நல் என்று சோதிக்கிறேன். ஃபோல்டர் இருந்தும் இல்லை என்கிறது.

நல் என்பது எல்லா ஃபோல்டரிலும் இருப்பதாக டாஸ் காட்டும் போலிப் பெயர். சி: டிரைவில் அந்த உத்தி வேலை செய்யும், நெட்வொர்க் டிரைவில் நம்ப முடியாது. அந்த ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலை நிரந்தரமாகப் போட்டு வைத்து, அது இருக்கிறதா என்று சோதியுங்கள்.

நெட்வேரில் டிர் (பட்டியல் கமாண்ட்) போட்டால் மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரண்டு புள்ளி வருவதில்லை, என் ஃபைல் மேனேஜர் மேல் ஃபோல்டருக்குப் போக முடியவில்லை.

நெட்வேர் சர்வரில் அந்தப் புள்ளிப் பதிவுகள் கிடையாது. நெட்.சிஎஃப்ஜி ஃபைலில் ஷோ டாட்ஸ் = ஆன் என்று ஒரு வரி சேருங்கள்.

விண்டோஸின் கறுப்புத் திரையிலும் இதே சிக்கல் வருகிறதே?

ஆமாம், சிஎம்டியும் \\ பாதையில் நிற்க மறுக்கும், பழைய பழக்கம் அதற்கும் ஒட்டியிருக்கிறது. அங்கே புஷ்டி என்று தட்டிப் பாதையைக் கொடுங்கள், இசட் முதல் பின்னோக்கிக் காலியான எழுத்தைப் பிடித்துத் தானே இணைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பாப்டி, இணைப்பு போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் கிளையன்ட் மெமரியைத் தின்றுவிடுகிறது, எடைமேடை புரோகிராமுக்கு இடமில்லை.

ஈதர்டிஎஃப்எஸ் (டாஸுக்கான சின்ன நெட்வொர்க் டிரைவ் புரோகிராம்) போட்டுப் பாருங்கள். கார்டுக்கான பேக்கெட் டிரைவர் ஒன்று, அதன் மேல் இது, லினக்ஸ் கணினியில் அதன் சர்வர் பகுதி. ஐபி முகவரியே தேவையில்லை, ஈதர்நெட்டிலேயே நேராகப் பேசும், அதனால் இரண்டும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும். லினக்ஸ் ஃபோல்டர் ஒரு டிரைவ் எழுத்தாக வந்துவிடும், பிடிக்கும் மெமரியும் மிகக் குறைவு. நாளுக்கு ஒரு தடவை ஃபைல் அனுப்பினால் போதும் என்றால் அதுவும் வேண்டாம், எம்டிசிபியில் (டாஸுக்கான நெட்வொர்க் புரோகிராம் தொகுப்பு) வரும் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் புரோகிராம்) போதும். மாலையில் கடைசி லாரி போனதும் பேட்ச் ஃபைலை ஓட்டிவிட்டு, சர்வரில் ஃபைலின் அளவும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கணினியை அணையுங்கள்.